பெலிகுல்ஓயா மைதானமும் பக்கத்து மலைப் பிள்ளைகளும்

முழு அளவிலான ஓடுபாதை ஒன்றை அமைக்க ஏறத்தாழ 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை வேண்டும். இரு பக்கமும் 84.39 மீற்றர் நேர்ப்பகுதி, இரு முனையிலும் 36.5 மீற்றர் ஆரமுள்ள வளைவு, ஒவ்வொன்றும் 1.22 மீற்றர் அகலமுள்ள எட்டுப் பாதைகள். யாழ்ப்பாணத்திலோ அநுராதபுரத்திலோ இந்தக் கணக்கைச் சொன்னால் யாரும் மலைக்கமாட்டார்கள். சப்ரகமுவவின் தேயிலை, இறப்பர் மலைகளில் நிலைமை வேறு. அங்கே கிடைத்த சமதரையில் தொழிற்சாலை எழுந்துவிட்டது. மிஞ்சிய இடத்தில் கோயிலும் பாடசாலையும் வந்தன. பிள்ளைகளுக்கு மிஞ்சியது பாடசாலைக் கட்டடத்துக்கும் மண் அணைக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். நூறு மீற்றர் ஓட்டத்தைக்கூட அதில் நேர்கோட்டில் ஓடி முடிக்க முடியாது.

அதே மலைகளுக்கு நடுவில்தான் இலங்கை சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டையும் உடற்கல்வியையும் பட்டப்படிப்பாகவே கற்பிக்கும் அரச பல்கலைக்கழகங்களில் இது ஒன்று. அதன் மெய்வல்லுநர் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது எத்தனை பதக்கம் வந்தது என்று கேட்பதே வழக்கம். இந்தப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இங்கிருந்து பட்டம் பெற்று வெளியேறுகிறவர்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களாக வந்து சேர்கிறார்களா?

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை செல்லும் ஏ4 நெடுஞ்சாலையில், இரத்தினபுரியையும் பெல்மதுளையையும் பலாங்கொடையையும் கடந்தால் பெலிகுல்ஓயா வரும். ஊரைத் தாண்டி மேலே பார்த்தால் ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பும், உலகின் முடிவு என்று பெயர் பெற்ற செங்குத்துப் பாறையும், அதன் அடியில் நன்பேரியல் தேயிலைத் தோட்டமும் தெரியும். பல்கலைக்கழகம் இருப்பது பக்கத்திலுள்ள பம்பஹின்னவில். நகரத்தில் திட்டமிட்டுக் கட்டிய வளாகங்களைப் போன்றதன்று இது. வளவை ஆற்றை மறித்துச் சமனலவெவ நீர்மின் அணை கட்டப்பட்டபோது அங்கு வேலை செய்தவர்களுக்காக எழுப்பிய குடியிருப்புகளும் அலுவலகங்களும், அணை வேலை முடிந்ததும் உயர்கல்விக்குக் கைமாறின. 1990களின் தொடக்கத்தில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக இயங்கிய நிறுவனம், 1995 நவம்பரில் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, 1996 பெப்ரவரி 2ஆம் திகதி திறக்கப்பட்டது.

அதாவது 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த பேராதனைக்கும் கொழும்புக்கும் முன்னால் இது மிகவும் இளையது, சிறியது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இன்று 17 அரச பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வயதிலும் மாணவர் தொகையிலும் மூத்த பல்கலைக்கழகங்களோடு ஒரே களத்தில் இறங்கிப் போட்டியிட வேண்டிய நிலையில் சப்ரகமுவ இருக்கிறது.

வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் ஒரு விடயத்தை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் விளையாட்டு என்றால் இரண்டு வெவ்வேறு காரியங்கள். ஒன்று, எல்லாப் பீட மாணவருக்கும் பொதுவான உடற்கல்விப் பிரிவு. கணக்கியல் படிக்கும் மாணவியும் விவசாயம் படிக்கும் மாணவனும் பின்னேரம் மைதானத்துக்கு வந்து, பயிற்றுவிப்பாளரின் கீழ் ஓடவும் பாயவும் எறியவும் பழகுவது இதன் வழியாகத்தான். மற்றது, பிரயோக விஞ்ஞான பீடத்திலுள்ள விளையாட்டு விஞ்ஞான, உடற்கல்வித் துறை. அங்கே விளையாட்டே பாடம். தசை எப்படிச் சுருங்குகிறது, இதயம் எவ்வளவு குருதியைத் தள்ளுகிறது, எறியும் கை எந்தக் கோணத்தில் ஈட்டியை விட வேண்டும், தோற்ற பிள்ளையின் மனதை எப்படித் திருப்பி எடுப்பது, ஒரு விளையாட்டு விழாவை எப்படி ஒழுங்கு செய்வது என்றெல்லாம் படிக்கிறார்கள்.

முதலாவது, எந்தப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இரண்டாவது, நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில்தான். சப்ரகமுவவின் பலம் இந்த இரண்டாவதில் இருக்கிறது.

முதலாவதன் நடைமுறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே மாதிரி. புதுமுக மாணவர் வந்ததும் அவர்களுக்கென ஒரு போட்டி நடக்கும்; யாருக்கு என்ன வரும் என்று பயிற்றுவிப்பாளர்கள் அறிந்துகொள்வது அங்கேதான். அடுத்து பீடங்களுக்கு இடையிலான போட்டி. அதில் தேறியவர்கள் பல்கலைக்கழக அணிக்கு வருவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாப் பல்கலைக்கழகங்களும் கூடும் இலங்கைப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவே இவர்களின் பெரிய அரங்கு. சிறந்து விளங்கியவர்களுக்கு வர்ண விருது கிடைக்கும். நான்காண்டுப் படிப்பில் ஒரு மாணவருக்கு அந்தப் பெருவிழா ஒரு தடவை, அதிர்ஷ்டமிருந்தால் இரண்டு தடவை வாய்க்கும். பெருந்தொற்றும் அதன் பின் 2022இன் பொருளாதார நெருக்கடியும் கல்வி ஆண்டுகளைக் குலைத்துப்போட்டபோது, அந்த ஒரு தடவைகூட வாய்க்காமல் பட்டத்தோடு வெளியேறியவர்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

சிறிய பல்கலைக்கழகம் இந்தப் போட்டிகளில் எங்கே இடறுகிறது என்பதை விளக்குவது கடினமில்லை. மெய்வல்லுநர் என்பது ஒரே விளையாட்டன்று. 100 மீற்றரிலிருந்து 10,000 மீற்றர் வரை ஓட்டங்கள், சட்டவேலி, அஞ்சல், நீளம் பாய்தல், உயரம் பாய்தல், முப்பாய்ச்சல், கோலூன்றிப் பாய்தல், குண்டு, தட்டு, ஈட்டி, சம்மட்டி. எல்லா நிகழ்ச்சிக்கும் ஆள் நிறுத்தினால்தான் மொத்தப் புள்ளி ஏறும். மாணவர் தொகை கூடிய இடத்தில் எதற்கும் ஒருவர் அகப்படுவார். சிறிய இடத்தில் ஒரே பிள்ளையே 400 மீற்றரும் ஓடி, அஞ்சலிலும் ஓடி, நீளமும் பாய்ந்து களைத்துப்போகும்.

இன்னொரு காரணம் பல்கலைக்கழகத்துக்கு வெளியில் இருக்கிறது. இலங்கையில் திறமையான ஓட்டக்காரர் பாடசாலைக் காலத்திலேயே அடையாளம் காணப்படுகிறார். சேர் ஜோன் டாபட் போட்டியிலும் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவிலும் வென்றவர்களை இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் விளையாட்டுக் கழகங்கள் அழைத்துக்கொள்கின்றன. சம்பளம், சாப்பாடு, சப்பாத்து, நாள் முழுவதும் பயிற்சி என்று எல்லாமே அங்கே உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது கைமேல் கிடைக்கும் வாழ்வு. உயர்தரப் பரீட்சை எழுதி, இசட் புள்ளிக்குக் காத்திருந்து, பல்கலைக்கழகம் வந்து, மாதாந்தப் புலமைப்பரிசிலில் காலம் தள்ளுவதை எத்தனை பேர் தெரிவுசெய்வார்கள்? மகாபொல உதவித்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்ததே 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகுதான். மலையகத் தோட்டத்தில் பிறந்து 10,000 மீற்றரில் தேசிய வெற்றியாளராக உயர்ந்த குமார் சண்முகேஸ்வரன் ஓடியது இராணுவ விளையாட்டுக் கழகத்துக்காக. அவருடைய உழைப்பை நாடு பார்த்தது. அவருக்குப் பின்னால் ஓட வருகிற தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பும் ஓட்டமும் சேர்ந்து கிடைக்கும் வழி ஒன்று இருக்கவேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

அமெரிக்காவில் அந்த வழிதான் பிரதானம். அங்கே ஏறத்தாழ 1,100 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஒரே விளையாட்டுச் சம்மேளனத்தின் கீழ் மூன்று பிரிவுகளாகப் போட்டியிடுகின்றன. பங்குபற்றும் மாணவர் ஐந்து இலட்சத்துக்கும் மேல். முதற்பிரிவில் புரளும் பணம் நம் கற்பனைக்கு எட்டாதது. 2025இல் ஏற்பட்ட நீதிமன்ற இணக்கத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதலாண்டில் ஏறத்தாழ 205 இலட்சம் டொலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். ஆனால் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதே இல்லை. சிறிய கல்லூரிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. படிப்போடு ஓட்டத்தையும் பேணுகிற அந்தப் பிரிவுதான் நமக்கு ஓரளவு கிட்டியது.

அந்த அமெரிக்க வழியில் போய் வந்த தமிழர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாயப் பழகிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காகப் பங்குபற்றினார். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்தார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் கலாநிதிப் பட்டம் வரை படித்து, பிற நாடுகளிலும் ஆசிரியராகவும் கல்வியாளராகவும் வாழ்ந்தார். படிப்பும் பாய்ச்சலும் ஒரே உடலில் ஒத்துப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சப்ரகமுவவுக்கு நெருங்கிய உதாரணம் அமெரிக்காவில் இல்லை, இங்கிலாந்தில் இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி வென்ற டங்கன் வைற், அதன் பிறகு புலமைப்பரிசில் பெற்று லவ்பரோ கல்லூரிக்குப் போனார். அவர் அங்கே படித்தது உடற்கல்வி. லவ்பரோ ஒரு சிறிய சந்தை நகரம். அங்கிருந்த கல்லூரி பாடசாலைகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பிப் பெயர் எடுத்தது. 1966இல்தான் அது பல்கலைக்கழகமாயிற்று. பத்தாண்டுகளுக்குப் பின் அங்கே பொருளியல் படிக்க வந்த செபஸ்டியன் கோ, 1980இலும் 1984இலும் 1,500 மீற்றரில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆசிரியர் பயிற்சி முதலில் வந்தது. நல்ல பயிற்றுவிப்பாளர்கள் அதனால் ஓரிடத்தில் சேர்ந்தார்கள். ஓட்டக்காரர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். பதக்கம் கடைசியில் வந்தது. விளையாட்டு விஞ்ஞானத் துறையைக் கையில் வைத்திருக்கும் பெலிகுல்ஓயா கவனித்துப் பார்க்கவேண்டிய வரிசை இது.

திறமைக்கு இந்த மாகாணத்தில் பஞ்சமில்லை என்பதை உலகம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. சுசந்திகா ஜயசிங்க பிறந்தது கேகாலை மாவட்டத்துக் கிராமமொன்றில், வசதியில்லாத குடும்பத்தில். 1997இல் ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீற்றரில் வெள்ளி. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அதே தூரத்தை 22.28 செக்கனில் ஓடினார். அவருக்கு முன்னால் வந்த பஹாமாஸ் வீராங்கனையின் நேரம் 22.27. முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தபின், 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாற்றப்பட்டது. இன்றுவரை ஒலிம்பிக் மெய்வல்லுநரில் இலங்கைக்கு இருப்பவை இரண்டே பதக்கங்கள்: டங்கன் வைற்றுடையதும் சுசந்திகாவினுடையதும். அதில் ஒன்று சப்ரகமுவப் பிள்ளையின் கால்களால் வந்தது.

இனித் தோட்டங்களுக்கு வருவோம். 2012 கணக்கெடுப்பின்படி இரத்தினபுரி மாவட்ட மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் தமிழர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களைச் சார்ந்தவர்கள். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, ஓப்பநாயக்க பக்கம் தேயிலை. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெகியோவிற்ற பக்கம் இறப்பரும் தேயிலையும். நுவரெலியாவில் மலையகத் தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்து வாழ்கிறார்கள்; சப்ரகமுவவில் சிங்களக் கிராமங்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கிறார்கள். ஆகவே பெரிய தமிழ்ப் பாடசாலைகள் குறைவு, தமிழில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் அதைவிடக் குறைவு. ‘மலையகம்’ என்றாலே அட்டனையும் தலவாக்கலையையும் நினைக்கும் பழக்கம் இந்தப் பிள்ளைகளைப் பல தடவை கணக்கிலிருந்தே தவறவிட்டிருக்கிறது.

சின்ன வயதிலிருந்தே இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றமும் இறக்கமும் பழக்கம். மேல் லயத்திலிருந்து கீழே பாடசாலைக்கு இறங்கி, பின்னேரம் அதே படிகளில் ஏறுவது தினசரி வேலை. ஏற்றத்தில் ஏறுவது தொடைத் தசையையும் கெண்டைக்காலையும் இதயத்தையும் வலுப்படுத்தும் என்பதால், நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு மலையோட்டம் உலகெங்கும் பயிற்சியாகவே கொடுக்கப்படுகிறது. ஆனால் கால் பலம் மட்டும் போதாது. சுவட்டில் வளைவில் சாய்ந்து ஓடவும், தொடக்கக் கட்டையிலிருந்து எழும்பவும், வேகத்தைப் பகிர்ந்து ஓடவும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகளில் அந்தப் பாடவேளை வேறு பாடத்துக்குப் போய்விடுகிறது. ஆண்டுக்கொருமுறை இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு பயிற்சி தொடங்கும். போட்டியோடு அதுவும் முடியும். தேர்ந்த பயிற்றுவிப்பாளரிடம் கேட்டால், ஒரு பயிற்சியின் பலன் உடலில் நன்றாகத் தெரியவே ஆறு தொடக்கம் எட்டு வாரம் வேண்டும் என்பார்.

சாப்பாட்டுக் கதை இதைவிடப் பாரமானது. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டளவில் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். சின்ன வயதில் குறைந்த உயரத்தை இருபது வயதில் எந்தப் பயிற்றுவிப்பாளராலும் கூட்ட முடியாது. அடுத்தது இரும்புச்சத்து. ஓடும்போது தசைக்கு ஒட்சிசனைச் சுமந்து போவது குருதியிலுள்ள ஈமோகுளோபின். அதை உண்டாக்க இரும்பு வேண்டும். மாதவிடாய் தொடங்கிய பெண்பிள்ளைக்கு அது ஆண்பிள்ளையைவிடக் கூடுதலாகத் தேவை. காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு உடனே சாயத் தேத்தண்ணி குடித்தால், தேயிலையிலுள்ள சாயப்பொருள்கள் சாப்பாட்டிலிருந்து இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிப்பது, கீரையோடு தேசிக்காய் சேர்ப்பது, நெத்தலியோ முட்டையோ கிடைக்கும் நாளில் ஓடுகிற பெண்பிள்ளைக்கும் சமபங்கு வைப்பது ஆகியவை பெரிய செலவில்லாத காரியங்கள். 800 மீற்றரின் கடைசி 200 மீற்றரில் கால் கனத்து நின்றுவிடுகிற பெண்பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன், அவளுடைய இரத்தத்தைப் பரிசோதிக்க அனுப்பத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். விளையாட்டு விஞ்ஞானம் படித்தவரின் பெறுமதி இங்கேதான் தெரியும்.

செலவு இன்னொரு பக்கம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. முள்ளாணி வைத்த ஓட்டச் சப்பாத்து ஒரு சோடி வாங்கப் பல நாள் சம்பளம் போகும். மாவட்டப் போட்டிக்கு இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ போகப் பஸ் செலவு, கூடப் போகும் தாயோ தகப்பனோ இழக்கும் ஒருநாள் சம்பளம், மாகாணப் போட்டி என்றால் தங்கும் செலவு. இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுக்கு விடியமுன் போகிற தாய், பிள்ளையின் காலைப் பயிற்சிக்காக எழும்பிச் சமைப்பது எந்த நேரத்தில்?

வறிய ஊர்ப் பாடசாலையால் இதைக் கடக்கவே முடியாது என்று சொல்வதற்கில்லை. கடந்து காட்டிய இடங்கள் உண்டு. கண்டி மாவட்டத்தின் வலல ரத்நாயக்க மத்திய கல்லூரி கொழும்பின் பெரும் பாடசாலை அன்று. அங்கே பயின்ற தருஷி கருணாரத்ன 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 03.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். 2002இல் பூசானில் சுசந்திகாவும் தமயந்தி தர்ஷாவும் வென்றபின் மெய்வல்லுநரில் இலங்கைக்கு ஆசியத் தங்கம் கிடைக்க 21 ஆண்டுகள் ஆயின. வடக்கில் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன், கோலூன்றிப் பாய்தலில் பெண்களுக்கான தேசிய சாதனையைப் பலமுறை தானே புதுப்பித்தார். கோல் விலை கூடியது, மெத்தை விலை அதைவிடக் கூடியது, போரில் நொந்த மண். ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் அந்த ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு நாடு திரும்பிப் பார்க்கும்படி செய்தன. இரண்டு இடத்திலும் பொதுவாக இருந்தது, ஆண்டுக்கணக்காக ஒரே மைதானத்தில் நின்ற பயிற்றுவிப்பு.

சிறிய பல்கலைக்கழகத்துக்கும் அந்த முறை பொருந்தும். இருபதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் ஆள் நிறுத்தித் திணறுவதைவிட, நான்கைந்தைத் தெரிந்தெடுத்து அவற்றில் நாட்டிலேயே சிறந்த பயிற்சியைக் கொடுப்பது மேல். அஞ்சல் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 4x100 மீற்றரில் கோலை மாற்றுவதற்கு 30 மீற்றர் வலயம் உண்டு. அந்த வலயத்துக்குள் வேகம் குறையாமல் கோல் கைமாறினால், தனித்தனியே வேகமான நால்வரை நடுத்தர வேகமுள்ள நால்வர் வெல்ல முடியும். அதற்குத் தேவை ஒரு துண்டுக் குழாயும் நூற்றுக்கணக்கான மாலைகளும்தான். நெடுந்தூர ஓட்டத்துக்கோ மலைச்சாலையே பயிற்சிக்களம். தென்மேல் பருவக்காற்று மலையிடுக்கால் இறங்கி வீசும் மாதங்களில் குறுந்தூர ஓட்ட நேரங்களை அப்படியே நம்ப முடியாது. பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேல் போனால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது. அந்த மாதங்களை ஏற்ற ஓட்டத்துக்கும் எடைப்பயிற்சிக்கும் ஒதுக்குவது புத்தி. செயற்கை ஓடுபாதையில் பழக வேண்டுமென்றால் சுகததாச அரங்கு இருக்கும் கொழும்பை நோக்கியோ வேறு பெரிய நகரத்தை நோக்கியோ பஸ் ஏற வேண்டியிருக்கிறது. போட்டிக்கு முந்திய வாரங்களில் அந்தச் செலவைப் பல்கலைக்கழகம் தட்டிக்கழிக்கக்கூடாது.

இதற்கெல்லாம் மேலான பணி பல்கலைக்கழக வேலிக்கு வெளியே காத்திருக்கிறது. விளையாட்டு விஞ்ஞான மாணவர்கள் செயல்முறைப் பயிற்சிக்கு எங்காவது போகத்தான் வேண்டும். பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளை அதற்கெனத் தத்தெடுத்துக்கொண்டால் இருபக்கமும் பயன். மாணவருக்கு உண்மையான வகுப்பறை கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் ஆள் கிடைப்பார். இறுதியாண்டு ஆய்வுகளுக்கும் தலைப்பு பக்கத்திலேயே இருக்கிறது: தோட்டப் பிள்ளைகளின் உடற்தகுதி, ஏறி இறங்கும் தூரம், சாப்பாடு, குருதியின் நிலை. இதே பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இரத்தினபுரியில் இயங்குகிறது; இரு பீடங்களும் கைகோத்தால் ஒரு வலயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பரிசோதித்துவிடலாம். பாடசாலையில் மைதானமில்லாவிட்டால், கிழமைக்கு ஒருநாள் பல்கலைக்கழக மைதானத்தை அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதற்குப் பணம் தேவையில்லை. மனம் வைத்தால் போதும்.

மொழி ஒரு தடையாக நிற்கும். விஞ்ஞான பீடங்களில் படிப்பு ஆங்கிலத்தில். சுற்றுவட்டாரத்தில் பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். தோட்டப் பிள்ளை படித்தது தமிழில். தமிழில் கற்பிக்கக்கூடிய உடற்கல்விப் பட்டதாரிகள் கூடுதலாக வந்தாலன்றி இந்த இடைவெளி மூடாது. அப்படி வருகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. பாடசாலைகளில் ஆசிரியர், பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர், மாகாண விளையாட்டுத் திணைக்களங்களில் பயிற்றுவிப்பாளர், உடற்பயிற்சி நிலையங்கள், கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் மேற்பயிற்சிகள். தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர் பலருக்கு இப்படியொரு பாதை இருப்பதே தெரியாது.

அந்தப் பாதையின் வாசல் எங்கே இருக்கிறது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பது நல்லது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. இரத்தினபுரி அந்தப் பதினாறில் ஒன்று. கேகாலை அதில் இல்லை. தெரணியகல இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளையும் பலாங்கொடைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே விதமான லயத்தில் வளர்ந்தாலும், மாவட்ட எல்லை ஒருவருக்குக் கொடுக்கிற சிறு சலுகையை மற்றவருக்குக் கொடுப்பதில்லை. மாவட்டக் கணக்குக்குப் பதிலாகத் தோட்டப்புறம் என்ற அளவுகோல் இருந்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

இதைத் தவிர, விளையாட்டு போன்ற துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு விசேட அனுமதியில் ஒரு சிறிய பங்கு இருக்கிறது. உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு உயர்தரச் சித்தியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழகம் பத்திரிகையில் தனியாக விளம்பரம் செய்து விண்ணப்பம் கோரும். மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பொது விண்ணப்பம் மட்டும் போதும் என்று இருந்துவிட்டால் வாய்ப்பு தவறிப்போகும். என்னென்ன பாடங்கள் சித்தியடைந்திருக்க வேண்டும் என்பது ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் இருக்கிறது; அது தமிழிலும் வருகிறது. வலய, மாவட்ட, மாகாணப் போட்டிகளில் கிடைத்த சான்றிதழ்களைப் பிள்ளைகள் பத்திரப்படுத்த வேண்டும்; லயத்துக் கூரை ஒழுகும் மாரியில் அவற்றைப் பாதுகாப்பதற்குப் பாடசாலை அலுவலகமே ஒரு கோவை திறந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பிலேயே இதைச் சொல்லிவைத்தால், உயர்தரத்துக்கு எந்தப் பிரிவை எடுப்பது என்று தீர்மானிக்கும் நேரத்தில் ஓடத் தெரிந்த பிள்ளைக்கு அது கைகொடுக்கும்.